லீனியருக்கு ட்ரைவ் வைப்பது: 40 வாட்டில் வைத்தும் பக்கத்தில் சிதறுகிறது, எங்கே பிழை?

கடற்கரைக்கம்பி (வெள்ளவத்தை)

வணக்கம் அண்ணாமார்.

அமெச்சூர் வானொலி நிலையம் என்னுடையது. ரிக்கின் (வானொலி அனுப்பி வாங்கும் கருவி) வலுவைப் பெருக்கும் லீனியர்: இரண்டு 3-500இசட் வெற்றிடக்குழாய் போட்டது, கிரவுண்டட் கிரிட் (கிரிட்டை நிலத்தோடு பிணைத்த) வகை. பிளேட் வோல்ட்டேஜ் சுமை இல்லாமல் 3000, முழுச் சுமையில் 2750. முன்னால் நின்று அதற்கு ட்ரைவ் (உள்ளீட்டு வலு) கொடுப்பது 100 வாட் ரிக். 40 மீற்றர் அலைவரிசையில் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டையில் குரல்). காற்றில் ரிக்கை 40 வாட்டில் வைத்துத்தான் கதைக்கிறேன், அனுமதிப்பத்திரத்தில் உள்ள உச்சத்துக்குள்ளேயே நிற்கிறேன். அப்படியிருந்தும் 6 கிலோஹேர்ட்ஸ் தள்ளி வைத்தாலும் என் குரல் கரகரவென்று விழுகிறது என்று தெகிவளையில் இருக்கும் நண்பர் சொல்கிறார்.

ட்யூன் செய்யும் முறை இது: குழாய்க்குப் பாதுகாப்பு என்று 20 வாட் ட்ரைவ் மட்டும் கொடுத்து, ட்யூன், லோட் (வெளியீட்டு வலையின் இரண்டு குமிழ்கள்) இரண்டையும் உச்ச வெளியீட்டுக்குத் திருப்புகிறேன். பிறகு ட்ரைவைக் கூட்டுகிறேன். அதன் பின் டம்மி லோடில் (அன்டெனாவுக்குப் பதிலான 50 ஓம் போலிச் சுமை) 60 வாட் கரியர் (குரலில்லாத தொடர் அலை) கொடுத்தால் பிளேட் கரண்ட் 480 மில்லிஅம்பியர், கிரிட் கரண்ட் 260, வெளியீடு 830 வாட். 40 வாட் கரியருக்கு பிளேட் 400. கதைக்கும்போதும் ஊசி அந்த 400-ஐத் தொடுகிற மாதிரி மைக் கெய்னைக் கூட்டி வைத்திருக்கிறேன். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸர் போட்டிருக்கிறேன். லீனியரின் ஏஎல்சி வயரை (வலு மிகையானால் ரிக்கைத் தானாகக் குறைக்கச் சொல்வது) ரிக்கில் பூட்டவில்லை.

ட்ரைவ் எவ்வளவு கொடுப்பது, எந்த மீற்றரைப் பார்த்து வைப்பது? ஏஎல்சி வயரைப் பூட்டினால் தீருமா?

வெற்றிடக்குழாய் (கொட்டாஞ்சேனை)

தம்பி, விடை உங்கட அளவீட்டிலேயே கிடக்கு. பிளேட் 480, கிரிட் 260. இந்த ஜோடி ஒழுங்காகச் சுமை ஏறி வேலை செய்தால் கிரிட் கரண்ட் பிளேட் கரண்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். உங்களுக்கு பாதிக்கு மேல் நிற்குது. குழாய்க்குச் சுமை போதாது. பிளேட் வோல்ட்டேஜ் ஒவ்வொரு சுற்றிலும் அடிமட்டம் வரை இறங்கி, போக வேண்டிய எலக்ட்ரோன்கள் பிளேட்டுக்குப் போகாமல் கிரிட்டில் விழுகுது. அந்த நேரத்தில் ட்ரைவ் கூடினாலும் வெளியீடு கூட மாட்டாது. முகடு தட்டையாகும். தட்டையான முகடுதான் உங்கட நண்பர் கேட்கிற கரகரப்பு.

காரணம் 20 வாட்டில் ட்யூன் செய்தது. பிளேட் பார்க்க வேண்டிய சுமை எதிர்ப்பு ஏறத்தாழ வோல்ட்டேஜை 1.57 தடவை பிளேட் கரண்ட்டால் பிரித்தால் வரும். 20 வாட் ட்ரைவில் 350 மில்லிஅம்பியர் ஓடினால்: 2800 ÷ (1.57 × 0.35), கிட்டத்தட்ட 5100 ஓம். உச்சத்தில் 600 மில்லிஅம்பியர் ஓட வேண்டும் என்றால்: 2750 ÷ (1.57 × 0.6), 2900 ஓம். நீங்கள் 5100 ஓமுக்கு வலையை இசைத்துவிட்டு அதற்குள் 1.7 மடங்கு கரண்ட்டைத் தள்ளப் பார்க்கிறீங்கள். குறைந்த ட்ரைவில் ட்யூன் செய்வது குழாயைக் காப்பாற்றுது என்று கனபேர் நம்புகினம். உண்மையில் அதுதான் கிரிட்டைச் சுடுது.

செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். டம்மி லோடைப் பூட்டி, ரிக்கை சிடபிள்யூவில் (மோர்ஸ் நிலை) வையுங்கோ. 20 வாட்டில் ஒரு தரம் ட்யூன், லோட் இரண்டையும் கிட்டத்தட்ட இடத்துக்குக் கொண்டுவாங்கோ, அதற்கு மட்டும்தான் குறைந்த ட்ரைவ். உடனே 60 வாட்டுக்குப் போங்கோ. தொடர்ந்து கீயை அழுத்திப் பிடிக்க வேண்டாம். எலக்ட்ரோனிக் கீயரில் நிமிடத்துக்கு 40 சொல் வேகத்தில் வெறும் டிட் (மோர்ஸ் புள்ளி) ஓட விட்டால் சராசரி வெப்பம் பாதியாகும், முகட்டின் அளவு அப்படியே இருக்கும். வாட் மீற்றரை பீக் நிலையில் வையுங்கோ. 10 செக்கனுக்கு மேல் ஓட்டாதீங்கோ, இடையில் 20 செக்கன் ஆற விடுங்கோ.

முதலில் லோடை, கொள்ளளவு குறைகிற பக்கம் (அதுதான் சுமை ஏறுகிற பக்கம், உங்கட டயலில் எந்தப் பக்கம் என்று கப்பாசிட்டரின் தகடுகளைப் பார்த்து ஒருக்கால் நிச்சயப்படுத்துங்கோ) கொஞ்சம் திருப்பி, உடனே ட்யூனை உச்சத்துக்குத் திருத்துங்கோ. வெளியீடு ஏறும், கிரிட் கரண்ட் இறங்கும். இரண்டையும் மாறி மாறிச் செய்து உச்சத்துக்கு வந்த பிறகு நிற்பாட்டாமல், லோடை அதே பக்கம் இன்னும் ஒரு மயிரிழை தள்ளுங்கோ. வெளியீடு 2 அல்லது 3 வீதம் விழுந்தால் போதும். கிரிட் கரண்ட் அதைவிடக் கனக்க விழும். அந்த இடம்தான் சுத்தமான இடம். உச்ச வெளியீடு காட்டுகிற இடமும் சுத்தமான இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஆனால் ஒன்றல்ல.

சரியாக வந்தால் 60 வாட் ட்ரைவில் பிளேட் 600 அளவிலும் கிரிட் 190 முதல் 200 வரையிலும் வரவேண்டும். வெளியீடு 950-க்கு மேல் போகும். இது டம்மி லோடில் மட்டும். காற்றில் போகும்போது ட்யூன், லோட் இரண்டிலும் கை வைக்காமல் ட்ரைவை மட்டும் 40-க்கோ அதற்குக் கீழேயோ குறையுங்கோ. செயல்திறன் கொஞ்சம் குறையும், பிளேட் கொஞ்சம் கூடச் சுடும். ஆனால் முகட்டுக்கு மேலே இடம் இருக்கும், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது ஊசி. கதைக்கும்போது பிளேட் ஊசியை கரியர் அளவுக்குக் கொண்டுவர மைக் கெய்னைக் கூட்டினீங்கள், அது பெரிய பிழை. ஊசிக்குப் பாரம் இருக்கு, அது சராசரியைத்தான் காட்டும். குரலின் முகடு 400-ஐத் தொடும்போது ஊசி அதில் பாதிக்குக் கிட்ட ஆடினால் போதும், கம்ப்ரஸர் போட்டிருந்தால் கொஞ்சம் கூட ஆடும். ஊசியே 400-ஐத் தொட்டால் முகடு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ.

மைக் கெய்ன் வைப்பது லீனியரைப் பார்த்து அல்ல. லீனியரை நிற்பாட்டி, ரிக்கின் ஏஎல்சி மீற்றரைப் பாருங்கோ. வழக்கமான குரலில் கதைத்தால் உரத்த அசைகளில் மட்டும் ஊசி எழும்பி விழ வேண்டும். அதோடு மைக் கெய்ன் முடிந்தது, பிறகு அதைத் தொடாதீங்கோ. ட்ரைவ் கூட்டுவதும் குறைப்பதும் ரிக்கின் வலுக் குமிழால் மட்டும். கம்ப்ரஷன் 6 டெசிபெல்லுக்கு மேல் வேண்டாம்.

அலைமுகடு (பம்பலப்பிட்டி)

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் சுமையைத் திருத்தினாலும் இவருக்குச் சிதறல் முழுதாகப் போகாது என்று நினைக்கிறேன். 100 வாட் ரிக்கை 40-இல் வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரும்பாலான ரிக்குகளில் வலுக் குமிழ் நேரடியாக வெளியீட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. அது ஏஎல்சி வளையத்துக்கு எல்லை மட்டும் சொல்கிறது. வெளியீடு அந்த எல்லையைத் தாண்டியதை வளையம் கண்டுபிடித்து, பிறகுதான் பெருக்கத்தைக் குறைக்கும். அதற்குச் சில மில்லிசெக்கன் பிடிக்கும். அந்த இடைவெளியில் ரிக் தன் முழு வலுவையும் வெளியே விடும். 40 வாட் என்று வைத்த ரிக் ஒவ்வொரு வசனத்தின் தொடக்கத்திலும் 100 வாட் அடிக்கலாம். வாட் மீற்றரின் பீக் நிலையும் இவ்வளவு குறுகிய முகட்டைப் பிடிக்காது. ஊசி 40 என்றே காட்டும்.

இதைக் காண ஸ்கோப் (அலையுருவம் காட்டும் கருவி) வேண்டும். விலை கூடியது தேவையில்லை, 20 மெகாஹேர்ட்ஸ் ஸ்கோப் 40 மீற்றருக்குப் போதும். அதற்கு முன்னால் ஒரு மாதிரி எடுக்கும் பெட்டி. சின்ன உலோகப் பெட்டியில் இரண்டு எஸ்ஓ-239 சொக்கெற், நடுவில் ஒரு துண்டு ஆர்ஜி-58 கேபிள். அதன் வெளிப் பின்னலை ஒரு முனையில் மட்டும் பெட்டியோடு பற்றாசு வையுங்கள், மறுமுனையில் வெட்டிவிட வேண்டும். இரண்டு முனையிலும் பிடித்தால் உள்கம்பியின் கரண்ட்டுக்கு எதிராகப் பின்னலிலும் கரண்ட் ஓடி, வெளியே ஒன்றும் வராது. கேபிளை எஃப்டி82-43 வளையத்துக்குள்ளால் நுழையுங்கள். வளையத்தில் 0.5 மில்லிமீற்றர் எனாமல் கம்பி 20 சுற்று. அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைச் சமாந்தரமாக, வளையத்துக்கு ஒட்டியே வையுங்கள். அங்கிருந்து ஸ்கோப்புக்கு ×10 புரோப்.

இந்த அளவில் கணக்கு இலகு. ஸ்கோப்பில் தெரியும் முகட்டு வோல்ட்டை வர்க்கமாக்கி 4-ஆல் பெருக்கினால் வாட். 5 வோல்ட் முகடு என்றால் 100 வாட். 3.16 வோல்ட் என்றால் 40 வாட். 15.8 வோல்ட் என்றால் 1000 வாட். நடுக்கோட்டிலிருந்து முகடு வரைதான் அளக்க வேண்டும், மேலிருந்து கீழ் வரை அல்ல. டம்மி லோட் 50 ஓமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

லீனியர் இல்லாமல் ரிக், பெட்டி, டம்மி லோட் மட்டும் பூட்டுங்கள். டிஜிட்டல் ஸ்கோப் என்றால் பீக் டிடெக்ட் நிலை, கிடையில் ஒரு கட்டத்துக்கு 2 மில்லிசெக்கன், சிங்கிள் ட்ரிகர். ட்ரிகர் அளவை 1 வோல்ட்டில் வையுங்கள். ஒரு டிட் அடியுங்கள், அல்லது 'டக்' என்று ஒரு சொல் சொல்லுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் மூன்று நான்கு செக்கன் பேசாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் ஏஎல்சி முழுதாகத் தளர்ந்த பிறகுதான் முதல் முகடு தன் முழு உயரத்துக்கு வரும். தொடர்ந்து கதைத்துக்கொண்டே பார்த்தால் எல்லாம் நல்லாகத்தான் தெரியும்.

லீனியரின் ஏஎல்சி வயர் இந்த முகட்டைத் தடுக்காது. அதுவும் அதே வளையத்துக்குள்ளே இன்னொரு எதிர்மறை வோல்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான், தாமதம் அப்படியே இருக்கும். பழைய லீனியர்கள் சில, இன்றைய ரிக்குகள் எதிர்பார்க்கும் 0 முதல் மைனஸ் 4 வோல்ட் வரம்பைத் தாண்டியும் கொடுக்கும். பூட்டுவதானால் அதன் குமிழைத் திருப்பி, உச்சத்தைத் தாண்டினால் மட்டும் வேலை செய்கிற மாதிரி வைத்து, ஒரு காவலாக மட்டும் விடுங்கள்.

கடற்கரைக்கம்பி

இரண்டு பேருக்கும் நன்றி. வெற்றிடக்குழாய் அண்ணா சொன்னபடி 60 வாட்டில் சுமை ஏற்றினேன். பிளேட் 590, கிரிட் 195, வெளியீடு 960. லோட் டயல் முந்தைய இடத்திலிருந்து நிறையத் தள்ளி நிற்கிறது.

பெட்டியும் செய்து பார்த்தேன். 40 வாட்டில் வைத்து டிட் அடித்தால் முதல் 3 மில்லிசெக்கனில் முகடு 4.9 வோல்ட் வரை போய், பிறகு 3.2-க்கு இறங்குகிறது. 100 வாட்டில் வைத்தால் 5.2 வரை போய் 5-இல் நிற்கிறது.

இன்னொன்று: அதே அமைப்பில் பின்னேரம் 7 மணிக்குப் பார்த்தால் வெளியீடு குறைவாகவும் கிரிட் கரண்ட் கூடவும் இருக்கிறது. சுவர் வோல்ட்டேஜ் 212 காட்டுகிறது.

அலைமுகடு

4.9 வோல்ட் என்றால் 96 வாட். ஆக 40 வாட் என்று நம்பி, ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் 96 வாட்டை லீனியருக்குள் அடித்திருக்கிறீர்கள். 100-இல் வைத்தால் 108 வாட், மிகையே 8 வீதம்தான். தீர்வு அந்த இரண்டாவது அளவீட்டிலேயே இருக்கிறது. ரிக்கை அதன் முழு வலுவிலேயே ஓட விட்டு, தேவைக்கு மேலானதை இடையில் ரெசிஸ்டரில் எரித்துவிடுங்கள்.

100-ஐ 40 ஆக்க 4 டெசிபெல் பாட் (வலுவைக் குறைக்கும் ரெசிஸ்டர் வலை) வேண்டும். பை வடிவத்தில் இரண்டு பக்கமும் நிலத்துக்கு 220 ஓம், நடுவில் 24 ஓம். 100 வாட் தொடர்ச்சியாக உள்ளே போனால் உள்பக்க 220 ஓமில் 23 வாட், 24 ஓமில் 28 வாட், வெளிப்பக்க 220 ஓமில் 9 வாட் வெப்பமாகும். ஹீட்சிங்கில் திருகிப் பூட்டுகிற தடித்த படல ரெசிஸ்டர் கிடைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் 3 வாட் மெற்றல் ஒக்சைட் ரெசிஸ்டரில் கட்டலாம்: 2.2 கிலோஓம் பத்தைச் சமாந்தரமாக வைத்தால் 220 ஓம், 240 ஓம் பத்தைச் சமாந்தரமாக வைத்தால் 24 ஓம். இப்படிக் கட்டினால் ஒவ்வொரு கூட்டமும் 30 வாட்டுக்குத்தான், நடுக்கூட்டம் தொடர் கரியரில் எல்லையிலேயே நிற்கும். ஆகவே எஸ்எஸ்பிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சின்ன விசிறி ஒன்றும் வையுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் காற்றோட்டம் விட்டுப் பற்றாசு வையுங்கள்.

புறக்கோட்டைக் கடைகளில் 'பெரிய வாட்' என்று கேட்டால் சீமெந்துக் கட்டி போன்ற வெள்ளை ரெசிஸ்டரைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். அது உள்ளே கம்பி சுற்றியது, சுருள் மாதிரி வேலை செய்து பாடைக் கெடுக்கும். அது வேண்டாம்.

கட்டி முடித்ததும் வெளிப்பக்கத்தில் டம்மி லோடைப் பூட்டி, உள்பக்கத்தை மல்டிமீற்றரால் அளந்தால் 50 ஓம் காட்ட வேண்டும்.

பூட்டும் இடம் முக்கியம். ரிக்குக்கும் லீனியருக்கும் இடையில் வெளியே பூட்டினால் கேட்கும்போதும் 4 டெசிபெல் போகும், லீனியரை நிற்பாட்டி நேரடியாகக் கதைக்கும்போதும் 40 வாட்தான் வெளியே வரும். லீனியருக்குள்ளே, உள்ளீட்டு ரிலேக்கும் கதோட் இணைப்பு வலைக்கும் நடுவில் பூட்டினால் இரண்டும் வராது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் 3000 வோல்ட் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, மீற்றர் பூச்சியத்துக்கு வரும் வரை நின்று, அதன் பிறகும் காப்பிட்ட கோலின் முனையில் நிலக்கம்பி கட்டி பிளேட் லைனைத் தொட்டு இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஏற்றத்தை வடித்துவிடும் ப்ளீடர் ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தால் கப்பாசிட்டர் மணிக்கணக்கில் ஏற்றத்தோடு நிற்கும். இந்தப் பெட்டியைத் திறந்து பழக்கம் இல்லாவிட்டால் பாடை வெளியிலேயே வையுங்கள். 40 மீற்றரில் அலைவரிசை இரைச்சலே அவ்வளவு உயரம், 4 டெசிபெல் போவது காதுக்குத் தெரியாது.

கூடவே ஒரு நன்மை: லீனியரின் உள்ளீட்டு எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2 ஆக இருந்தாலும் ரிக் 1.3 அளவில்தான் காணும். எஸ்டபிள்யூஆரைக் கண்டு ரிக் வலுவைப் பின்வாங்கும் தொல்லை போகும்.

பிறகு இரட்டைத் தொனிப் பரீட்சை. 700, 1900 ஹேர்ட்ஸ் இரண்டும் சம அளவில், ஸ்கோப் பெட்டியை இப்போது லீனியருக்கும் டம்மி லோடுக்கும் இடையில் வையுங்கள். மணி மணியாகக் கோத்த மாதிரி உருவம் வரும். மேல் முகடு உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையாகத் தேய்ந்திருந்தால் ட்ரைவ் கூட, அல்லது சுமை போதாது. இரண்டு மணி சந்திக்கும் கழுத்தில் கோடுகள் நேராக வெட்டி எக்ஸ் மாதிரிக் கடக்க வேண்டும். அங்கே படுத்துக் கிடந்தால் பயாஸ் கரண்ட் (ட்ரைவ் இல்லாதபோதும் ஓட வேண்டிய கரண்ட்) குறைவு. முகடு தட்டையாகத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து முகட்டு வோல்ட் 10 வீதம் குறைகிற வரை ட்ரைவைக் குறையுங்கள். அதுதான் உங்கள் நிரந்தர அளவு.

வெற்றிடக்குழாய்

பின்னேர விசயத்துக்கு வாறன். 230-இல் 3000 என்றால் 212-இல் 2765. லோட் டயல் அதே இடத்தில் நின்றால் சுத்தமாகக் கிடைக்கிற உச்ச வலு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 212 ÷ 230-இன் வர்க்கம் 0.85. பகலில் 960 சுத்தமாகத் தந்த அதே அமைப்பு பின்னேரம் 815 தான் தரும். ட்ரைவை அதே 60-இல் வைத்திருந்தால் மிச்சம் முழுவதும் சிதறல். ட்ரைவையும் 0.85-ஆல் குறையுங்கோ, 51 வாட். கிரிட் கரண்ட்டும் பிளேட் கரண்ட்டும் முந்தைய விகிதத்துக்குத் திரும்புதா என்று பாருங்கோ, அதுதான் சாட்சி. பகல் நேர அளவை நம்பி இரவில் கதைக்கக் கூடாது. எந்த நேரம் வோல்ட்டேஜ் ஆகக் குறைவோ அந்த நேரத்துக்கு ட்ரைவை வைத்தால் மற்ற நேரத்தில் கவலை இல்லை.

குழாயைச் சூடாக்கும் இழையையும் கவனியுங்கோ. 3-500இசட் இழைக்கு 5 வோல்ட், மேலும் கீழும் 0.25 தான் விடலாம். 230-இல் சரியாக 5 என்றால் 212-இல் 4.6. அது போதாது. உமிழ்வு குறைந்தால் முகடு தன்னாலே தட்டையாகும், ட்ரைவை எவ்வளவு திருத்தினாலும் போகாது. ட்ரான்ஸ்போமரில் 220 டாப் இருந்தால் அதற்கு மாற்றுவது நல்லது, ஆனால் பகலில் சுவரில் 235 வந்தால் இழை 5.25-ஐத் தாண்டும், இரண்டு நேரமும் அளந்துவிட்டு முடிவெடுங்கோ.

வீட்டுக்குள்ளேயே விழுகிற வோல்ட்டும் இருக்கு. 600 மில்லிஅம்பியரில் லீனியர் சுவரிலிருந்து 8, 9 அம்பியர் இழுக்கும். உருண்டை முள் 5 அம்பியர் பிளக்கில் இதைக் கொழுவவே கூடாது. 1 சதுர மில்லிமீற்றர் நீட்டிப்பு வயர் 15 மீற்றர் போட்டிருந்தால் போக வர 30 மீற்றர், 0.54 ஓம், 9 அம்பியருக்கு 5 வோல்ட் வயரிலேயே போயிடும். கதைக்கக் கதைக்க அது ஏறி இறங்கும். மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றரில் தனி லைன் இழுத்தால் 2 வோல்ட்டில் முடியும்.

புதுநிலையம் (கொள்ளுப்பிட்டி)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது குழாய் அல்ல, எம்ஆர்எஃப்300 ட்ரான்சிஸ்டர் இரண்டு போட்ட 50 வோல்ட் கிட். ட்யூன், லோட் ஒன்றுமே இல்லை. ரிக்கை 5 வாட்டில் வைத்து நேரே கொடுத்தால் போதும் என்று குறிப்பில் இருக்கிறது. இதற்கும் பாட் தேவையா? எஃப்டி8-உம் (கணினி வழி டிஜிட்டல் முறை) ஓட்ட வேண்டும்.

அலைமுகடு

உங்களுக்குத்தான் எல்லாரையும் விட அவசரமாகத் தேவை. குழாய்க்குள் 3 மில்லிசெக்கன் மிகை போனால் சிதறலோடு போகும். உங்கள் எல்டிமொஸ் ட்ரான்சிஸ்டரின் உள்ளீட்டு முனை (கேட்) ஏற்கக்கூடியது சில வோல்ட்தான், அதைத் தாண்டினால் ஒரே டிட்டில் ஷோர்ட் ஆகலாம். 5 வாட்டில் வைத்த 100 வாட் ரிக் முதல் முகட்டில் எவ்வளவு விடுகிறது என்று அளக்காமல் அதைக் கொழுவாதீர்கள்.

13 டெசிபெல் பாட் கட்டுங்கள்: பக்கங்களுக்கு 79 ஓம், நடுவுக்கு 106 ஓம். 100 வாட் போனால் 5 வாட் வெளியே வரும். உள்பக்க ரெசிஸ்டரில் மட்டும் 63 வாட் வெப்பம், நடுவில் 28, வெளிப்பக்கத்தில் 3. முதல் ரெசிஸ்டர் 100 வாட் ஹீட்சிங் வகையாகவே இருக்கட்டும். ரிக் தவறுதலாக முழு வலுவில் நின்றாலும் கேட்டுக்கு 5 வாட்தான் போகும் என்பதுதான் இதன் அருமை.

ட்ரைவ் அளவைப் பெருக்கத்தைப் பார்த்து வையுங்கள். டம்மி லோடில் 1 வாட்டிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, வெளியீட்டை ட்ரைவால் பிரித்து எழுதிக்கொண்டே போங்கள். உதாரணத்துக்கு 1 வாட்டுக்கு 150, 2-க்கு 300, 3-க்கு 440, 4-க்கு 540, 5-க்கு 590 என்று வந்தால், முதலில் 150 மடங்கு பெருக்கம், கடைசியில் 118. அது ஒரு டெசிபெல் சுருங்கிய இடம். அங்கே எஸ்எஸ்பி கதைக்கக் கூடாது. பெருக்கம் வளையத் தொடங்கும் 3 முதல் 3.5 வாட்தான் எல்லை. 590-ஐ விட்டு 440-க்கு வந்தால் கேட்பவருக்குக் குறைவது 1.3 டெசிபெல் மட்டும், ஒரு எஸ் அலகு 6 டெசிபெல். பக்கத்து அலைவரிசையில் இருப்பவருக்கோ அது பெரிய நிம்மதி. 50 வோல்ட் சப்ளை சுமையில் எத்தனை வோல்ட் இறங்குகிறது என்றும் பாருங்கள். 50 என்பது 46 ஆனால் உச்ச வலு 0.85 ஆகும், அண்ணா மேலே சொன்ன கணக்கேதான்.

எஃப்டி8 வேறு. 15 செக்கனில் 12.64 செக்கன் முழு வலு தொடர்ந்து நிற்கும், ஆகவே வெப்பத்துக்காக வெளியீட்டை எஸ்எஸ்பி உச்சத்தில் பாதியாக்குங்கள். ரிக்கின் ஏஎல்சி ஊசி எழும்பவே கூடாது: கணினியின் ஒலி அளவை, வெளியீடு சற்று விழத் தொடங்கும் வரை இறக்குங்கள். ஒலி அளவு கூடினால் 600 ஹேர்ட்ஸ் தொனியின் 1200-உம் 1800-உம் கூடவே போய், ஒரே ஆள் மூன்று இடத்தில் தெரிவார். தொனியை 1500-க்கு மேல் வைத்தால் அந்த மடங்குகள் ரிக்கின் வடிகட்டிக்கு வெளியே விழுந்துவிடும்.

இன்னொன்று எல்லாருக்கும். ரிலே மூட 15 முதல் 25 மில்லிசெக்கன் பிடிக்கும். ரிக் 10 மில்லிசெக்கனில் வலு விட்டால் லீனியர் திறந்த சுற்றுக்குள் அடிக்கும், ரிலே முனை தீயும், முதல் டிட் 'சடக்' என்று பரவும். ரிக் மெனுவில் டிஎக்ஸ் டிலே (வலு விடுவதற்கு முன்னான தாமதம்) 30 மில்லிசெக்கன் வையுங்கள்.

தெகிவளைச்செவி (தெகிவளை)

6 கிலோஹேர்ட்ஸ் தள்ளி விழுகிறது என்று சொன்னது நான்தான். இவர் எனக்கு 3 கிலோமீற்றருக்குள் இருக்கிறார், என் சிக்னல் மீற்றரில் எஸ்9-க்கு மேல் 50 டெசிபெல். இப்போது பாட் பூட்டிய பிறகு நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பூச்சியம் என்று சொல்ல ஏலாது. மிச்சம் அவருடையதா, என் ரிசீவருடையதா என்று எப்படிப் பிரிப்பது?

அலைமுகடு

முதலில் ரிசீவரின் நொய்ஸ் பிளாங்கரையும் (துடிப்பு இரைச்சலை வெட்டுவது) ப்ரீஅம்பையும் (முன்பெருக்கி) நிற்பாட்டுங்கள். பக்கத்தில் பலமான குரல் இருக்கும்போது பிளாங்கர் அந்தக் குரலின் முகட்டுக்கே துடித்து, இல்லாத சிதறலை உண்டாக்கும். பிறகு 6 கிலோஹேர்ட்ஸ் தள்ளி வைத்து, சிதறலின் அளவைக் குறித்துக்கொண்டு, 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைப் போடுங்கள். சிதறல் சரியாக 10 டெசிபெல் விழுந்தால் அது உண்மையிலேயே காற்றில் வருகிறது. 10-ஐ விடக் கனக்க விழுந்தால், மூன்றாம் வரிசை (தொனிகள் ஒன்றோடொன்று கலந்து பிறக்கும் சிதறலின் ஒரு படி) என்றால் 30 வரை விழும், அது உங்கள் ரிசீவருக்குள்ளேயே உண்டாவது, அவரில் பிழை இல்லை. ஒரு 10 போதாவிட்டால் 20 போட்டுவிட்டு, அதிலிருந்து இன்னொரு 10 என்று பாருங்கள்.

எஸ்எஸ்பி அகலம் 2.7 கிலோஹேர்ட்ஸ் என்றால் மூன்றாம் வரிசைச் சிதறல் அதன் இரண்டு பக்கமும் இன்னொரு 2.7 வரை படரும், ஐந்தாம் வரிசை அதற்கும் அப்பால். 6 கிலோஹேர்ட்ஸ் தள்ளி உண்மையாகவே கேட்டால் அது பெரும்பாலும் ஐந்தாம் வரிசையும் அதற்கு மேலானதும். ட்ரைவ் 1 டெசிபெல் குறைந்தாலே அது பல டெசிபெல் விழும். அவரை 1 டெசிபெல் குறைக்கச் சொல்லி நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

கடற்கரைக்கம்பி

இருவரும் சேர்ந்து செய்து பார்த்தோம். 20-இலிருந்து 30 டெசிபெல்லுக்குப் போனபோது 10 தான் விழுந்தது, ஆகவே மிச்சம் என்னுடையது. ஆனால் டம்மி லோடில் இரட்டைத் தொனி உருவம் மிக வடிவாக உருண்டையாக இருக்கிறது. அன்டெனாவுக்கு மாற்றினால் மட்டும் குரலின் முகடுகள் முரடாகின்றன. ட்ரைவை 25-க்குக் குறைத்தாலும் அதே கதை. மொட்டைமாடியிலிருந்து பல்கனி வழியாக டைபோல் (இரண்டு கால் கொண்ட கம்பி அன்டெனா), நிலையத்திலிருந்து 6 மீற்றர்கூட இல்லை.

வெற்றிடக்குழாய்

டம்மி லோடில் சுத்தம், அன்டெனாவில் அழுக்கு என்றால் அது ட்ரைவ் இல்லை. வானொலி அலை கேபிளின் வெளிப் பின்னலில் திரும்பி வந்து மைக்குக்குள் போகுது. மைக்கைக் கழற்றிவிட்டு, ரிக்குக்குள்ளேயே உண்டாகிற தொனி இருந்தால் அதை அன்டெனாவில் அனுப்பிப் பாருங்கோ, உருவம் சுத்தமானால் சந்தேகமே இல்லை.

டைபோலின் நடு இணைப்பில் எஃப்டி240-31 வளையத்தில் ஆர்ஜி-58 கேபிள் 12 சுற்றுச் சுற்றி ஒரு சோக் (பின்னலில் ஓடும் அலையைத் தடுப்பது) வையுங்கோ, வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் இன்னொன்று. மைக் வயரையும் கணினியிலிருந்து ரிக்குக்கு வருகிற யூஎஸ்பி வயரையும் சின்னதாக 31 கலவை வளையங்களில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கோ. டைபோலின் ஒரு கால் கேபிளுக்குச் சமாந்தரமாக ஓடினால் எத்தனை சோக் போட்டாலும் பாதிதான் தீரும், கேபிளை நடுவிலிருந்து செங்குத்தாக இறக்குங்கோ.

நீங்கள் கடலுக்குக் கிட்ட இருக்கிறபடியால் பல்கனி கிரில்லின் துருப்பிடித்த மூட்டு, பிஎல்-259 உள்ளே பச்சை படிந்த பின்னல், இதுகளையும் பாருங்கோ. துருவும் டயோட் மாதிரித் திருத்தும். மழை பெய்து நனைந்த நேரம் சிதறல் மாறினால் வெளியே எங்கேயோ ஒரு மூட்டுத்தான். கொனெக்டரை அறுத்துப் புதிதாகப் பற்றாசு வைத்து, மேலே சுயமாக ஒட்டும் ரப்பர் நாடா சுற்றுங்கோ. இதெல்லாம் முடிந்த பிறகு ட்ரைவை மறுபடி 40-க்கு ஏற்றி, நண்பரிடம் 10 டெசிபெல் பரீட்சையை இன்னொரு தரம் கேளுங்கோ. லோட் டயல் நிற்கிற எண்ணை ஒரு துண்டில் எழுதி லீனியர் முகப்பில் ஒட்டிவிடுங்கோ, 212 வோல்ட்டுக்கான ட்ரைவ் அளவையும் சேர்த்து. 73 (வாழ்த்துகள்).